அரேரே மரத்தில் இறங்கும் வரிசை

இபாடான்
22 மே 1994

ஃபோலா அம்மாவுக்கு, உங்கள் வீட்டுக்கு இளைய தாரமாக வந்த அஷாபி முழங்கால் தரையில் படப் பணிந்து எழுதுவது.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்கள் என்று, லாரிக்காரர் சூலேயை முகவரி எழுத வைத்தேன். இப்போது பிரித்தது பிரித்தாகிவிட்டது. கடைசிவரை படித்துவிடுங்கள் அக்கா.

இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன். காலையில் ஆண்கள் வார்டு, மத்தியானம் குழந்தைகள் வார்டு. தங்குவது நான்கு பெண்களோடு ஒரே அறை. அதில் ஒருத்தி தூங்கும்போதும் வியாபாரம் பேசுவாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நம் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்? முழங்கால் வலி மழைக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுமே. பனங்கொட்டை எண்ணெய் தேய்த்தால் கேட்காது, ஷியா வெண்ணெய்தான் கேட்கும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

சூலேயிடம் என் பிள்ளை திரானுக்கு ஒரு ஜோடி செருப்பு கொடுத்தனுப்பியிருக்கிறேன். இரண்டு வருஷத்தில் அவன் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தெரியவில்லை. வார்டில் ஆறு வயதுப் பையன் ஒருவன் படுத்திருந்தான், அவன் பாதத்தை என் சாணால் அளந்து வாங்கினேன். அந்தப் பையன் கூச்சத்தில் சிரித்தான். அதற்குப் பிறகு நான் கொஞ்ச நேரம் கழிப்பறையில் போய் நின்றேன்.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். இன்னும் ஆறு ஏழு வாரத்தில் வீட்டுக்குப் பின்னால் அரேரே மரத்திலிருந்து புழுக்கள் இறங்கும். திரானுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். என் அம்மா வீட்டில் அது விலக்கு என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு நீளமாக மரத்தில் இறங்குவது வீட்டில் செத்துப்போனவர்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பொறுக்கலாம், வறுக்கலாம், பிறருக்குப் பரிமாறலாம், நாம் வாயில் வைக்கக் கூடாது. திரான் என்னிடம் இருந்தவரை அவனுக்கும் கொடுத்ததில்லை. தயவுசெய்து அதை அப்படியே விடுங்கள்.

அவன் ராத்திரி பயந்து எழுந்தால் முதுகில் தட்டக் கூடாது, உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டால் தூங்கிவிடுவான்.

உங்கள்,
அஷாபி


ஒகே-அரேரே
9 ஜூன் 1994

அஷாபி,

நலம் விசாரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திரான் நன்றாக இருக்கிறான். செருப்பு சின்னது. குதிகால் வெளியே நிற்கிறது, ஆனாலும் கழற்ற மாட்டேன் என்கிறான். யார் அனுப்பியது என்று நான் சொல்லவில்லை. சந்தையில் வாங்கினேன் என்றேன். இப்போது அவன் என்னைத்தான் அம்மா என்கிறான், என் ஃபோலாவின் கட்டிலில்தான் படுக்கிறான். பயந்து எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். உள்ளங்காலையெல்லாம் பிடிக்க வேண்டியதில்லை.

உன் அம்மா வீட்டு விலக்கு உன் வயிற்றோடு நிற்கட்டும். பிள்ளை அப்பன் வீட்டுப் பிள்ளை. இறைச்சி வாசனையே இந்த வீட்டுக்கு வந்து மாதக்கணக்காகிறது, மரவள்ளி மாவில் கிண்டிய கர்ரிக் களியும் கீரைச் சாறும் தின்று அவன் விலா எலும்பு எண்ணும்படி நிற்கிறது. இந்த மழைக்கு அவனுக்கு நல்லதாக நான்கு வாய் கிடைக்கும் என்றால் அதையும் நீ இபாடானில் இருந்துகொண்டு பிடுங்கப் பார்க்கிறாய்.

மறந்துவிட்டாய் போலிருக்கிறது, நான் ஞாபகப்படுத்துகிறேன். தொண்ணூறாம் வருஷ மழையில் ஃபோலா நடுங்கினாள். மறு வருஷம் அவளும் அவள் அப்பாவும். அதற்கு மறு வருஷம் மூன்று பேரும். நான்கூட இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கள் குடித்தவன் மாதிரி கால் அகல வைத்து, கண் ஆடி, நாக்குக் குழறி. வீட்டில் பெரியவர்கள் நாங்கள் இப்படிக் கிடக்க, நீ மட்டும் தலையில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு சொட்டு சிந்தாமல் முற்றத்தில் நடந்தாய். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நீ சூனியக்காரி என்று நான்தான் முதலில் முற்றத்தில் சொன்னேன். அதை மறுக்கவில்லை. உன்னைக் கிடங்கு அறையில் போட்டுப் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். மூன்று நாள் சாவி என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அப்படியும் என் பிள்ளை போனாள். "பூட்டின கதவு அவளுக்கு என்னம்மா, காத்து மாதிரி போய்ட்டு வருவா" என்று குறிசொல்லி சொன்னார். மிளகாய்ப் புகை போட்டதும் நீயே உன் வாயால் ஒத்துக்கொண்டாய்.

உன்னை ஊரை விட்டுத் துரத்திய பிறகு வந்த மழையில் இந்த வீட்டில் ஒருவரும் நடுங்கவில்லை. துக்கத்தில் நாங்கள் அந்த மரத்தடிப் பக்கமே போகாமல், அடுப்பும் சரியாக மூட்டாமல் இருந்தோம். ஆனாலும் எல்லோரும் நேராக நடந்தோம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இனி எழுதாதே.

ஃபோலா அம்மா


இபாடான்
26 ஜூன் 1994

ஃபோலா அம்மாவுக்கு, முழங்காலிட்டு.

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். இதற்குமேல் கெட்ட பெயர் எனக்கு வரப்போவதில்லை.

போன கடிதத்தில் விலக்கு என்று சொன்னது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. ஆஸ்பத்திரிப் பேச்சை நீங்கள் கேட்க மாட்டீர்கள், விலக்கு என்றால் மதிப்பீர்கள் என்று நினைத்து அப்படி எழுதினேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன்.

போன ஆகஸ்டில் இகாரே பக்கத்து விவசாயி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் வார்டின் அந்தக் கோடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையிலிருந்து கால்வரை நடுக்கம். எழுந்து நிற்கச் சொன்னால் கால் இரண்டும் இரண்டு திசைக்குப் போகிறது. கண் ஆடுகிறது. அக்கா, துடைப்பம் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. ஃபோலாவே ஆம்பிளை வேஷம் போட்டுக்கொண்டு வந்து படுத்திருப்பது மாதிரி இருந்தது.

டாக்டர் அவர் மனைவியிடம் ஒன்றுதான் கேட்டார். "என்னம்மா சாப்பிட்டாரு?" அவள் சொன்னாள், "களிதான். அதோட மரத்துப் புழு." டாக்டர் பக்கத்திலிருந்த நர்ஸிடம், "பாத்தீங்களா, மழை வந்தாச்சு, ஆரம்பிச்சாச்சு" என்றார். பி-ஒன் என்று ஒரு வைட்டமின் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் அந்த மனுஷர் என் ஈரத் தரையில் நேராக நடந்து கழிப்பறைக்குப் போனார். இன்னும் காயவில்லை, மிதிக்காதீர்கள் என்று நான் கத்த வேண்டியவள். அவர் காலடித் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அந்த நர்ஸைப் பிடித்துக் கேட்டேன். வருஷம் முழுக்க வெறும் களி தின்று காய்ந்த உடம்பில் அந்தப் புழு போனால், இருக்கிற கொஞ்சநஞ்ச வைட்டமினையும் தின்றுவிடுமாம். எல்லோருக்கும் வராது. வந்தால் ஊசி போட வேண்டும், போடாமல் மேலும் மேலும் அதையே ஊட்டினால் ஆள் போய்விடலாம்.

ஒரு வருஷமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் உடனே எழுதவில்லை என்றால், வெட்கம். நான் சூனியக்காரி இல்லை அக்கா. ஆனால் கூடை என்னுடையது. இறைச்சி இல்லாத அந்த வருஷம், இளையவளாக வந்தவள் என்ன கொண்டுவந்தாள் என்று யாரும் கேட்கக் கூடாதே என்று, நான்தான் மரத்தடியில் உட்கார்ந்து பொறுக்கினேன். ரோமம் கருகச் சாம்பலில் புரட்டி வறுத்ததும் நான்தான். உங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் அதைத் தின்றதில்லை. ஃபோலா முதல் வாய் வைத்துவிட்டு, "சின்னம்மா, இன்னும்" என்றாள். அந்த 'இன்னும்' என் காதிலேயே இருக்கிறது. தரை துடைக்கும் சத்தத்தில்கூடக் கேட்கிறது.

நான் மட்டும் நடுங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் தின்னவில்லை. திரானுக்கும் கொடுக்கவில்லை, அவனும் நடுங்கவில்லை. போன வருஷம் நீங்கள் மரத்தடிப் பக்கம் போகவில்லை, ஒருவரும் நடுங்கவில்லை. இதை நீங்களே உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

எனக்கு வேண்டியது இரண்டு. திரானுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, எந்த முற்றத்தில் என் பெயரைக் கெடுத்தீர்களோ அதே முற்றத்தில் ஒரு முறை, அஷாபி சூனியக்காரி இல்லை என்று சொல்ல வேண்டும். என் அம்மாவின் கல்லறை அந்த ஊரில்தான் புல் மண்டிக் கிடக்கிறது. ஒரு நாளாவது பகல் வெளிச்சத்தில் அங்கே நடந்து வர வேண்டும்.

அஷாபி


ஒகே-அரேரே
11 ஜூலை 1994

அஷாபி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்காமல் மடித்துப் போட்டேன். கோபத்தில்தான், வேறெதனாலும் இல்லை.

நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? அந்த மூன்று நாளும் ஃபோலாவுக்கு ஊட்டியது யார்? நீ உள்ளே கிடந்தாய். நான் ஊட்டினேன். வீட்டில் இருந்ததில் நல்லது எதுவோ அதைப் பொறுக்கி எடுத்து, என் பங்கையும் அவள் அப்பா பங்கையும் சேர்த்து, என் கையால் ஊட்டினேன். "சாப்பிட்டாத்தான் தெம்பு வரும்" என்று சொல்லிச் சொல்லி ஊட்டினேன். இப்போது நீ துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, அது விஷம் என்கிறாய். என் பிள்ளையை எடுத்தது போதாதென்று, அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறாய்.

நேற்று ஃபோலாவின் பள்ளிக்கூடப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு வருஷமாகத் திறக்கவில்லை. அவள் ஒரு புழுக்கூட்டை ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பையாகக் கட்டிக்கொள்ளுமே, அந்தப் பழுப்புப் பை. அதைக் காதருகில் வைத்துக் குலுக்கி விளையாடுவாள், உனக்குத் தெரியும். பை கிழிந்திருந்தது. சீருடை மடிப்புகளில், நோட்டுப் புத்தகத்தின் இடுக்கில், வெள்ளை வெள்ளையாய்ப் பட்டாம்பூச்சிகள், பழுப்புக் கோடு போட்ட இறக்கையோடு, எல்லாம் செத்துக் காய்ந்து கிடந்தன. இருட்டிலேயே பிறந்து, மூடியைத் தள்ள முடியாமல் போயிருக்கின்றன. சீருடையை உதறினேன். முற்றம் முழுக்க இறக்கைப் பொடி. திரான் தும்மிக்கொண்டே, "அக்கா வந்துட்டுப் போனாளா?" என்று கேட்டான். நான் அவனை அறைந்துவிட்டேன். இதுவரை அறைந்ததில்லை.

மழை பிடித்துக்கொண்டது. புழு இறங்க ஆரம்பித்திருக்கிறது. ஜன்னல்வரை வருகிறது.

நான் முற்றத்தில் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஃபோலா அம்மா


இபாடான்
24 ஜூலை 1994

அக்கா,

இறங்க ஆரம்பித்துவிட்டது என்று எழுதியதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சூலேயிடம் ஒரு பொட்டலம் தருகிறேன். சின்ன மஞ்சள் மாத்திரைகள், அந்த நர்ஸ் கொடுத்தது. திரானுக்குத் தினம் ஒன்று, சாப்பாட்டோடு. என்மேல் கோபம் இருந்தால் என்மேலேயே இருக்கட்டும், மாத்திரைமேல் வேண்டாம். மிட்டாய் என்று சொன்னால் தின்றுவிடுவான். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்பான், பொட்டலத்தை உயரத்தில் வையுங்கள்.

நீங்கள் ஊட்டினீர்கள் என்று குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. தெரிந்தா ஊட்டினீர்கள்? தெரிந்தா நான் வறுத்தேன்? அந்தக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பாருங்கள்.

நான் அங்கே வந்தால் ஊர் எல்லையிலேயே கல் விழும். நீங்கள் ஒருத்திதான் இருக்கிறீர்கள்.

அஷாபி


இபாடான்
7 ஆகஸ்ட் 1994

அக்கா,

பதில் இல்லை. பொட்டலத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாக சூலே சத்தியம் செய்கிறார். "வாங்கினாங்க, கதவைச் சாத்திக்கிட்டாங்க" என்றார். திரானைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லையாம்.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். இருக்கிறான் என்று ஒரே ஒரு சொல் போதும்.

குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். மேஸ்திரி அம்மாள் இரண்டு முறை திட்டிவிட்டாள்.

அஷாபி


ஒகே-அரேரே
21 ஆகஸ்ட் 1994

அஷாபி,

இருக்கிறான். அதை முதல் வரியில் எழுதிவிடுகிறேன், மீதியை நீ நிதானமாகப் படி.

உன் மாத்திரையை நான் கொடுக்கவில்லை. புழுவைத்தான் கொடுத்தேன். பசிக்காகக் கொடுத்தேன் என்று ஊருக்குச் சொல்லலாம், உன்னிடம் சொல்ல முடியாது. உன்னைப் பொய்யாக்கத்தான் கொடுத்தேன். அவன் தின்றுவிட்டு நேராக நடந்தால் நீ பொய். நீ பொய்யென்றால் நான் ஃபோலாவுக்கு ஊட்டியது சோறு. அதற்காகத் தினமும் ஊட்டினேன், தினமும் அவனை முற்றத்தில் நடக்கவைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் நேராக நடந்தான். பன்னிரண்டு நாளும் நான் நன்றாகத் தூங்கினேன்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் வாந்தி எடுத்தான். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கியவன் உன் செருப்பைப் போடக் குனிந்து அப்படியே விழுந்தான். கண் ஆடியது. கால் அகலப் போனது. அதே கட்டில், அதே மழை. ஜன்னல் சட்டத்தில் புழு வரிசை போய்க்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். என் வாய் தானாகச் சொன்னது, "சாப்பிடுப்பா, சாப்பிட்டாத்தான் தெம்பு வரும்." கரண்டியைத் தூக்கினேன்.

திரான் குழறிக்கொண்டே சொன்னான், "வேணாம்மா. ஃபோலா அக்காவும் வேணாம் வேணாம்னுதானே சொன்னா."

அவனுக்கு அப்போது நான்கு வயது. கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தான். யாருக்கும் ஞாபகம் இருக்காது என்று நான் நினைத்திருந்தேன். ஆமாம் அஷாபி, அவள் வேண்டாம் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் தாடையைப் பிடித்து ஊட்டினேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவனை முதுகில் கட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு நடந்தேன். மழையில் ஆறு மைல். உன் கடிதத்தை மார்பில் செருகியிருந்தேன். அதை அப்படியே நர்ஸிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ஊசி போட்டார்.

அதற்குப் பிறகு பெஞ்சில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இந்த ஊசி வேலை செய்யக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வேலை செய்துவிட்டால் என் பிள்ளையை நான்தான் கொன்றேன் என்றாகிவிடும். உன் பிள்ளையின் தலை என் மடியில் இருக்கும்போது அப்படி வேண்டினேன். பெற்ற தாயாக இருந்தால் வேண்டியிருக்க மாட்டேன்.

மறுநாள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து வாழைப்பழம் கேட்டான். அதற்கு அடுத்த நாள் வெராந்தாவில் நேராக நடந்தான்.

வீட்டுக்கு வந்து நம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பெரியவங்க முன்னாடி முடிஞ்சுபோன விஷயம், அதை ஏன் கிளறுற?" என்றார். நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருக்கும்போது முற்றத்தின் நடுவில் நின்று சொன்னேன். அஷாபி சூனியக்காரி இல்லை, அந்தப் புழுதான், ஊட்டியது நான்தான் என்றேன். நீ கேட்டதைச் செய்துவிட்டேன். ஆனால் நீ நினைத்த மாதிரி நடக்கவில்லை. யாரும் உன்னைப் பற்றிப் பேசவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். அவருடைய அத்தை மெதுவாகக் கேட்டாள், "அந்த வீட்டுல ரெண்டு பொம்பளைங்கதான். ஒருத்தி இல்லன்னா இன்னொருத்திதானே?" மறுநாள் காலையில் என் வாசலில் யாரோ சாம்பலைக் கொட்டியிருந்தார்கள். என் கடையில் துணி வாங்க வந்தவள் என் கையைத் தொடாமல் வாங்கிப் போகிறாள். குறிசொல்லி இன்னும் இரண்டு வாரத்தில் வருகிறார். புழுவை இன்னும் தின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் நடுங்குகிறார்கள். நான் சொன்னதை யார் கேட்கப் போகிறார்கள்?

திரானை சூலேயிடம் ஏற்றி அனுப்புகிறேன். அவன் அப்பாவிடம் கேட்கவில்லை. சாம்பல் கொட்டுகிற வாசலில் அவன் இருக்க வேண்டாம். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன், பழையதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறான். பயந்து எழுந்தால் உள்ளங்காலைப் பிடித்தால் தூங்கிவிடுவான் என்று எழுதியிருந்தாய். இரண்டு வருஷமாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குக் கோபத்தில், பிடிக்க வேண்டியதில்லை என்று எழுதிவிட்டேன்.

இனி என்னை ஃபோலா அம்மா என்று எழுதாதே. அந்தப் பெயர் எனக்கு உரியதில்லை.

மொரேனிகே


இபாடான்
28 ஆகஸ்ட் 1994

ஃபோலா அம்மாவுக்கு, முழங்கால் தரையில் பட, தலையும் தரையில் பட.

அப்படித்தான் எழுதுவேன். ஊட்டியவளைத்தான் அம்மா என்பார்கள்.

திரான் வந்து சேர்ந்தான். சூலே லாரியிலிருந்து இறக்கிவிட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதான் செருப்பு அனுப்பினீங்களா?" என்றான். நீங்கள் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள் என்று புரிந்தது. நேராக நடக்கிறான். அறையில் இருக்கும் நான்கு பெண்களுக்கும் இப்போது அவன்தான் முதலாளி. தூக்கத்தில் அம்மா என்று கூப்பிடுகிறான். அது நான் இல்லை. கூப்பிடட்டும், நான் உள்ளங்காலைப் பிடித்துக்கொள்கிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத நாலைந்து முறை உட்கார்ந்தேன். கை வரவில்லை. புகை இன்னும் தொண்டையில் இருக்கிறது. ஆனால் உங்கள் வாசலில் சாம்பல் கொட்டினார்கள் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். குறிசொல்லி வந்தால் அடுத்து என்ன, எந்த அறை, எந்தப் புகை என்று எனக்குத் தெரியும். உங்கள் வயதில் அதைத் தாங்க முடியாது.

முற்றத்தில் என் பெயரைச் சொன்னீர்கள். அது போதும். அம்மாவின் கல்லறைப் புல்லை நீங்கள் எப்போதாவது போய் வெட்டிவிடுங்கள்.

இதனோடு இன்னொரு தாள் இருக்கிறது. குறிசொல்லி வரும் அன்று, எல்லோரும் இருக்கும்போது, அதைச் சத்தமாகப் படியுங்கள். உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் படியுங்கள். ஆஸ்பத்திரிப் பேச்சை அவர்கள் கேட்க மாட்டார்கள், யார் பேச்சைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இப்போது படிக்கிற இந்த முதல் தாளை மட்டும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் இளையவள்,
அஷாபி


இரண்டாம் தாள்

ஒகே-அரேரேயில் அகின்லாபி வீட்டு முற்றத்தில் நிற்கிற எல்லோருக்கும், அஷாபி எழுதுவது.

முழங்கால் மடிக்கவில்லை. மடித்தவள் வேறு அஷாபி.

ஃபோலாவைக் கொண்டுபோனது நான்தான். முன்பு மிளகாய்ப் புகையில் ஒத்துக்கொண்டேன், இப்போது புகை இல்லாமல் ஒத்துக்கொள்கிறேன். மொரேனிகேயின் கிண்ணத்தில் இருந்தது வெறும் சோறு. அவள் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் வந்து ஊட்டினேன். அறை பூட்டியிருந்தது, சாவி அவள் இடுப்பில் இருந்தது என்று சொல்வீர்கள். பூட்டிய கதவு எனக்கு என்ன? நீங்கள்தானே சொன்னீர்கள்.

அன்றைக்கு முற்றத்தில் அவள் பேசியதும் அவள் பேச்சு இல்லை. இங்கிருந்து நான் பேசவைத்தேன். என் பிள்ளையை அனுப்பவைத்ததும் நான்தான். வேண்டியதை எடுத்துக்கொண்டேன், அவளை விட்டுவிட்டேன். இனி அவள் வாசலில் சாம்பல் கொட்டினவன் யார், அவள் கையைத் தொடாமல் துணி வாங்கினவள் யார் என்று எனக்குத் தெரியும்.

போகும்போது உங்கள் ஊர் அரேரே மரங்கள் எல்லாவற்றையும் கட்டிவிட்டுப் போனேன். அதில் வரிசையாக இறங்குவது புழு இல்லை, என் ஆட்கள். பிள்ளை வாயில் வைத்தாலும், பெரியவர் வாயில் வைத்தாலும் நடுக்கம் வரும். என் கட்டை அவிழ்க்க எந்தக் குறிசொல்லியாலும் முடியாது. மருந்தகத்து நர்ஸுக்கு மட்டும் அவிழ்க்கத் தெரியும். பக்கத்து வீட்டில் நடுங்குகிற இரண்டு பேரையும் இன்றைக்கே அங்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

நான் அந்த ஊருக்கு இனி வர மாட்டேன். நீங்களும் அந்த மரத்தடிக்குப் போகாதீர்கள்.

சூனியக்காரி அஷாபி